நாற்பது வளைவுகளும் நான்கு சக்கரங்களும்

ஆனைமலைப் பக்கம் போய்வந்தவர்கள் பொதுவாக மூன்று விஷயங்களைப் பற்றிப் பேசுவார்கள். ஆழியாற்று அணையின் நீர்ப்பரப்பைச் சொல்வார்கள். குரங்கு அருவியில் குளித்த சுகத்தைச் சொல்வார்கள். வால்பாறையின் தேயிலைச் சரிவுகளில் மேகம் இறங்கிவந்து மேய்வதைச் சொல்வார்கள். இத்தனை காட்சிகளுக்கும் தங்களைச் சுமந்து சென்ற நான்கு ரப்பர் வளையங்களைப் பற்றி ஒருவராவது பேசி நான் கேட்டதில்லை. பல்லக்கின் அழகைப் புகழ்வோர் உண்டு. அதைத் தூக்குவோரின் பாதங்களை யார் கவனிக்கிறார்கள்?

மோட்டார் வண்டி சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடையும், உள்ளே அமர்ந்திருக்கும் ஐந்து உயிர்களும் அந்த நான்கு உள்ளங்கைகளையே நம்பியிருக்கின்றன. இயந்திரம் எவ்வளவு வலிமையுள்ளதாயினும், பிரேக்கு எவ்வளவு திறமானதாயினும், அவற்றின் சக்தி முழுவதும் அந்த உள்ளங்கைகளின் வழியாகவே சாலையைச் சென்றடைய வேண்டும். அங்கே பிடிப்பு இல்லையென்றால், மற்ற எந்த உறுப்பின் மேன்மையாலும் பயனில்லை. இந்த உண்மையை வால்பாறைச் சாலையைப் போல் விளக்கமாகப் போதிக்கும் ஆசான் தமிழ்நாட்டில் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2025ஆம் ஆண்டுச் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமையில் வந்தது. அடுத்தாற்போல் சனி, ஞாயிறு. அந்த மூன்று நாள் விடுமுறையில் என் நண்பர் ஒருவர் தம் குடும்பத்துடன் என்னையும் வால்பாறைக்கு அழைத்துச் சென்றார். அவர் எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அப்பொழுதுதான் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். அவருடைய தாயாருக்கு எழுபத்தாறு வயது. அந்த அம்மாள் இளமையில் வால்பாறைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். ஐம்பது ஆண்டுகளாக அந்த மலையைப் பார்த்ததில்லை. "கண் நன்றாகத் தெரியும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்பது அவர் ஆசை. யாத்திரையின் காரணம் அதுவே.

விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை, சேலம், அவிநாசி வழியாகக் கோவைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். முழுவதும் சமவெளி. ஆவணி பிறக்கப் போகிறது என்று பஞ்சாங்கம் சொன்னாலும், ஆத்தூரைத் தாண்டும்போது வெயில் சித்திரையைப் போலவே காய்ந்தது. இத்தகைய சாலையில் சக்கரத்துக்குப் பகை மூன்று: வெயில், வேகம், பாரம். இவை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து அபாயமாக்குவது குறைந்த காற்று.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக் கொண்டேயிருந்தால் அது சுடுகிறதல்லவா? அதே விதமாக டயரின் உள்ளுடம்பு சூடேறுகிறது. சூடு மிகுந்தால் ரப்பரும் நூலிழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. கோடைக் காலத்து நெடுஞ்சாலைகளில் டயர் வெடித்துக் கவிழ்ந்த வண்டிகள் பலவற்றின் கதை இதுதான். 'வெயில் காலமாயிற்றே, காற்றைக் குறைவாக வைப்போம்' என்று சிலர் செய்யும் யோசனை, ஆகையால், நேர்மாறான பலனைத் தரும். ஓடும்போது வெப்பத்தால் உள்ளழுத்தம் சற்று உயர்வது இயல்பு. டயர் செய்தவர்கள் அதை எண்ணியே செய்திருக்கிறார்கள். காலையில் வண்டி புறப்படுமுன், டயர் ஆறியிருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் ஓரச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு எந்த அளவைச் சொல்கிறதோ, அதுவே சரியான அளவு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் அது தாங்கக்கூடிய உச்ச வரம்பு. நாம் நிரப்ப வேண்டிய அளவன்று.

கோவையில் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் பொள்ளாச்சிக்குப் புறப்பட்டோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த மேற்குக் காற்று மழையைக் கொண்டுவந்து நான்கு வழிச் சாலையின் மீது கொட்டியது. அங்கே சக்கரத்தின் கடமை வேறாகிவிட்டது. டயரில் நாம் காணும் பள்ளங்கள் அலங்காரத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல, அவை வாய்க்கால்கள். சாலையில் நிற்கும் நீரைப் பிடித்து வெளியேற்றி, ரப்பர் தரையைத் தொடுவதற்கு வழி செய்வது அவற்றின் வேலை. வேகம் மிகுந்து, நீரை வெளியேற்ற அவகாசம் இல்லாமற் போனால், டயர் நீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அப்பொழுது திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

1960களில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து இதற்கு ஓர் எளிய கணக்கைக் கண்டார்கள். தண்ணீர் போதிய அளவு தேங்கியிருக்கும்போது, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். என் நண்பர் இதைக் கேட்டதும் உற்சாகமடைந்து, வண்டி ஓட்டிக்கொண்டே மனக்கணக்குப் போட்டுவிட்டார். சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தமிருந்தால் சுமார் 94 கிலோமீட்டர் வேகம். அதுவே 20 பவுண்டாகக் குறைந்தால் சுமார் 75 கிலோமீட்டர். பள்ளங்கள் தேய்ந்த டயராயின் அதற்கும் முன்பே ஆபத்து வந்துவிடலாம். கணக்கை முடித்தவர், தாமாகவே வேகத்தை அறுபதுக்குக் குறைத்தார். கணிதத்தின் பயனை இதைவிட நேரடியாக அவருடைய மாணவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

பொள்ளாச்சியில் மலை ஏறுமுன் காற்றுப் பார்ப்பதற்காக ஒரு டயர் கடையில் வண்டியை நிறுத்தினோம். கடைக்காரர் அறுபது வயதை எட்டியவர். காற்றுக் குழாயைக் கையில் எடுத்தவர், டயரைக் குனிந்து பார்த்துவிட்டுக் குழாயைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, வண்டி மலைக்குப் போகுதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம், வால்பாறைக்கு. ஏன், பட்டன் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார் நண்பர்.

"பட்டன் இருக்குதுங்க. ஆனா ரப்பர் செத்துப் போச்சுங்களே!"

பட்டன் என்று தொழிலாளர் சொல்வது டயரின் மேற்புறத்தில் உள்ள கட்டிகளை. கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. புதிய டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். மேற்புறம் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். நண்பருடைய டயர்களில் பள்ளம் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. ஆனால் கடைக்காரர் பக்கச் சுவரில் விரலை அழுத்திக் காட்டினார்: முதியவரின் கைரேகைபோல் மெல்லிய வெடிப்புகள். பிறகு அதே சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் அச்சாகியிருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1416. அதாவது, 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் பிறந்த டயர். ஒன்பது வயது கடந்துவிட்டது. வண்டியை முன்பு வைத்திருந்தவர் அதிகம் ஓட்டாமல் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்திருந்தாராம்.

ஓடாத டயர் தேயாது, ஆனால் மூப்படையும். காற்றிலுள்ள பிராணவாயுவும், ஓசோனும், வெயிலும் சேர்ந்து ரப்பரை இறுகச் செய்கின்றன. இவற்றைத் தடுப்பதற்காக டயர் செய்பவர்கள் ஒருவகை மெழுகை ரப்பரோடு கலக்கிறார்கள். டயர் சுழன்று மடங்கும்போதெல்லாம் அந்த மெழுகு உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து கவசமாகிறது. நின்றே கிடக்கும் டயருக்கு அந்தக் கவசம் சரிவரக் கிடைப்பதில்லை. உழைக்கும் உடம்பு உரம் பெறுவதும், சும்மா கிடக்கும் உடம்பு சோர்வதும் மனிதருக்கு மட்டும் உரிய விதியல்ல போலும்! ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். எவ்வளவு பள்ளம் மிஞ்சியிருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது டயர் தொழிலில் பலரும் ஒப்புக்கொண்ட யோசனை. ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார்க் கம்பெனிகளும் உண்டு. இறுகிய ரப்பர் உலர்ந்த சாலையில் தன் குறையைக் காட்டிக்கொள்ளாது. நனைந்த சாலையில்தான் காட்டும்.

நண்பர் தயங்கினார். நான்கு டயர் என்பது ஆசிரியருடைய மாதச் சம்பளத்தில் சிறு பகுதியல்ல. "இரண்டை மட்டும் இப்போது மாற்றினால் என்ன? முன்சக்கரந்தானே வண்டியை இழுக்கிறது, புதியதை முன்னால் போட்டுவிடுவோம்" என்றார்.

"ரெண்டு மட்டும் மாத்தறதா இருந்தா, புதுசைப் பின்னாடி போடோணுங்க" என்றார் கடைக்காரர். கேட்கும்போது விந்தையாகத் தோன்றினாலும் உலகமெங்கும் வல்லுநர் கூறுவதும் இதுவே. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்து ஒருவாறு மீட்டுக்கொள்ளலாம். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டி பம்பரம்போல் திரும்பிவிடும். பழகாத கையால் அதை மீட்க இயலாது.

இந்த விவாதத்தை வண்டிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கினார். "ஏம்ப்பா, எனக்கு மாத்திரை வாங்குறப்போ அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்க்குறியே! எல்லாரும் உட்கார்ந்து போற சக்கரத்துக்குத் தேதி பார்க்க வேண்டாமா?" என்றார். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. நான்கையும் மாற்றுவதென்று தீர்மானமாயிற்று.

ஆனால் எதை வாங்குவது? நண்பருடைய புதல்வன் கல்லூரி மாணவன். கடையின் மூலையில் சாய்த்து வைத்திருந்த, பெரிய பெரிய கட்டிகளுடன் முரட்டுத் தோற்றமுடைய டயரைக் காட்டி, "மலைப்பாதைக்கு அதுதான் சரி அப்பா" என்றான். இந்த எண்ணம் பலருக்கும் உண்டு. உண்மையில் அவ்வகை டயர் சேற்றிலும் சரளைக் கல்லிலும் கவ்விக்கொண்டு போவதற்காக அமைந்தது. கட்டிகளுக்கு இடையே வெற்றிடம் அதிகமாதலால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. நனைந்த தாரில் நிற்பதற்கு அதிகத் தூரம் பிடிக்கும். இரைச்சலும் எண்ணெய்ச் செலவும் கூடும். வால்பாறைச் சாலை மலைச்சாலைதான். ஆனால் மண்சாலையல்ல, தார்ச்சாலை. நமக்கு வேண்டியது மலைக்கு ஏற்ற டயரன்று, மழையில் நனைந்த தாருக்கு ஏற்ற டயர்: இளகிய ரப்பர், சுற்றிலும் ஓடும் அகன்ற வாய்க்கால்கள், வளைவில் பாரத்தைத் தாங்கும் உறுதியான தோள்.

அளவையும் மாற்றக்கூடாது. வண்டியின் சீட்டில் 185/65 ஆர் 15 88 எச் என்று இருந்தது. அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு. ஆர் என்பது ரேடியல் என்னும் கட்டுமானம். 15 என்பது உள்வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். 88 என்பது எடைக்குறி: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்பது வேகக்குறி: மணிக்கு 210 கிலோமீட்டர். "நம் நாட்டில் அந்த வேகத்தில் யார் போகப்போகிறார்கள்?" என்று கேட்கலாம். வேகக்குறி, வெப்பத்தைத் தாங்கும் வலிமைக்கும் அடையாளம். ஆகையால் அதைக் குறைத்து வாங்குவது சிக்கனமல்ல. எடைக்குறியும் அப்படியே. நான்கு டயர்களுக்கு 2,240 கிலோ என்று நண்பர் உடனே பெருக்கிச் சொன்னார். வாங்கும் டயரின் பிறந்த வாரத்தையும் மறக்காமல் பார்த்தார். சில மாதங்களே ஆகியிருந்தன.

பின்பெட்டியில் இருந்த ஸ்டெப்னியும் பழையதுதான். கையிருப்பு அத்துடன் தீர்ந்தமையால் அதை அடுத்த மாதம் மாற்றினார். ஸ்டெப்னி என்ற இந்தச் சொல் சுவையானது. வேல்ஸ் நாட்டில் ஸ்டெப்னி என்ற தெருவில் 1904ஆம் ஆண்டில் உபரிச் சக்கரம் செய்யத் தொடங்கியவர்களிடமிருந்து வந்தது. அந்த நாட்டுக்காரர் இன்று அதை வேறு பெயரால் அழைக்கிறார்கள். நம்மிடம் அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

"முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாப் போங்க. புது டயரு மேல அச்சு எண்ணெய்ப் பசை இருக்குமுங்க" என்று எச்சரித்து அனுப்பினார் கடைக்காரர்.

ஆழியாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் மலை தொடங்குகிறது. சாலையோரம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் எழுதியிருக்கிறார்கள். மொத்தம் நாற்பது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை என்ற இடம் உண்டு. நாங்கள் நின்றபோது மேகம் ஒரு கணம் விலகியது. கீழே ஆழியாற்று நீர்ப்பரப்பு ஈயத் தகடுபோல் கிடந்தது. பாறை விளிம்பில் இரண்டு வரையாடுகள் மழையைப் பொருட்படுத்தாமல் நின்றன. செங்குத்தான ஈரப்பாறையில் அவை நிற்கும் அலட்சியத்தைப் பார்த்தால், பிடிப்பு என்ற கலையை மனிதன் இன்னும் முழுவதும் கற்கவில்லை என்றே தோன்றும். அவற்றின் குளம்பு, ஓரம் கெட்டியாகவும் நடு மிருதுவாகவும் அமைந்தது. உறுதியும் இளக்கமும் சேர்ந்த இடத்தில்தான் பிடிப்பு இருக்கிறது.

மேலே செல்லச் செல்லச் சாலையின் நிலை நூறு அடிக்கு ஒருதரம் மாறிற்று. பாறையிலிருந்து வழிந்து குறுக்கே ஓடும் நீர், மரத்தடியில் ஊறிய சருகு, கனத்த வண்டி ஒன்று சிந்திய எண்ணெய், பனிமூட்டம். வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் வெளிப்பக்கத்துச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. திரும்பும்போதே பிரேக்கை அழுத்தினால், ஒரே உள்ளங்கை இரண்டு வேலையைச் செய்யும்படி ஆகிறது. ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவில் திருப்புவது ஒன்றையே செய்ய வேண்டும். இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குவது நல்லது, பிரேக்கு சூடேறாது.

இருபதாவது வளைவுக்கு மேல் ஓரிடத்தில், மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பஸ் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. நண்பர் பிரேக்கை மிதித்தார். நனைந்த சாலையில் வண்டி இப்புறம் அப்புறம் அசையாமல் நேராக நின்றது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் இடையே நான்கு முழம் இருக்கலாம். பஸ் ஓட்டுநர் கையை உயர்த்திவிட்டுப் பின்னுக்கு வாங்கி, எங்களுக்கு வழிவிட்டார். எங்களைக் காத்தது புதிய டயரா, நிதானமான வேகமா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த நான்கு முழம் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. வண்டியில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

வால்பாறையில் அம்மாள் தாம் வளர்ந்த தோட்டத்துச் சாலையில் குடையுடன் அரை மணி நேரம் நின்றார். பழைய வீடு இல்லை. சரிவும் ஓடையும் அப்படியே இருந்தன. அவருக்கு அது போதுமானதாயிருந்தது.

அங்கிருந்து மேற்கே மளுக்கப்பாறை வழியாகக் காட்டினூடே இறங்கினால் கேரளம். இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு அந்த மாநிலத்தில் விளைகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் உண்டு. காற்றடைத்த டயரை ஸ்காட்லாந்துக்காரரான தாம்ஸன் 1845இல் கண்டுபிடித்தார். அது மறக்கப்பட்டு, 1888இல் டன்லப் மீண்டும் உயிர்ப்பித்தார். அந்நிய நாட்டில் பிறந்த இத்தொழில் இன்று நம் மண்ணில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. 1946ஆம் ஆண்டில் சென்னைத் திருவொற்றியூரில் குழந்தைகளின் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம், 1960களில் டயர் செய்யப் புகுந்து உலகறிய வளர்ந்தது. ஆகவே நல்ல டயருக்காக நாம் கடல் கடந்து கையேந்த வேண்டிய நிலை இல்லை. வேண்டியதெல்லாம் நமது சாலை எது என்று அறிந்து கேட்கும் அறிவுதான்.

சாலைக்கு ஏற்ப அந்த அறிவும் மாறும். காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் பனி மூடிய பாதைக்கு, குளிரில் இறுகாத தனி ரப்பரால் ஆன டயர் உண்டு. ஏழு டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும் ஊர்களில்தான் அதற்கு மதிப்பு. நம் சமவெளி வெயிலில் அது விரைவில் தேய்ந்துபோகும். கடற்கரை மணலில் செல்லும் ஜீப்புக்காரர் காற்றைப் பாதியளவாக இறக்கி, டயரை ஒட்டகத்தின் பாதம்போல் அகலச் செய்து ஓட்டுவார். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் மீண்டும் நிரப்புவார். மணலில் புத்தியான செயல், தாரில் அதுவே ஆபத்து. எல்லா இடத்துக்கும் சிறந்த டயர் என்று ஒன்று கிடையாது. போகும் இடத்துக்கு ஏற்றது என்பதே உண்டு.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எத்தனையோ குடும்பங்கள் சொந்த ஊர்களுக்குக் காரில் புறப்படும். முறுக்கும் அதிரசமும் எடுத்து வைத்தோமா, வீட்டைப் பூட்டினோமா என்று நாலு தடவை பார்ப்போம். அத்துடன் ஒரு நிமிஷம் குனிந்து, நான்கு சக்கரங்களிலும் உள்ள நான்கு இலக்கங்களைப் படித்துப் பார்ப்போமாக. வீட்டில் எழுத்தறிந்த குழந்தை இருந்தால் அந்த வேலையை அதனிடமே ஒப்படைக்கலாம். கணக்கும் பழகும், காவலும் ஆகும்.